அம்மா எதையும் மறந்துவிட்டுப் போகவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, புற்றுநோய்க்காக அவருடைய இடது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது மாத்திரை மட்டும் தொடர்கிறது. ஆறு மாதங்களாக, சனிக்கிழமைதோறும், புற்றுநோய் வந்த பெண்கள் கூடி நடனமாடும் ஒரு குழுவுக்குப் போய்வருகிறார். கை வீங்கிவிடும் என்று நானும் அப்பாவும் தம்பியும் சொன்னால் கேட்பதில்லை. கிளம்பும் அவசரத்தில் செயற்கை மார்பகத்தைக்கூட மறந்து வைத்துவிட்டுப் போகிறார். வீட்டில் என்றால் இரவு விளக்கை அணைக்கும்வரை அதைக் கழற்ற மாட்டார். போன மாதம் அந்தக் குழுவில் ஒரு பெண் இறந்துவிட்டார். அம்மா அழுதுகொண்டே வீடு திரும்பினார். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனார். அவருக்கு நடைப்பயிற்சி போதாதா? மனம் நோகாமல் அவரை எப்படித் தடுப்பது?

பதில்: மனம் நோகாமல் தடுப்பது எப்படி என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. தடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களே அரிது. வீக்கம், மரணம், நடைப்பயிற்சி என்று நீங்கள் எழுதியவற்றையெல்லாம் ஒருமுறைதான் படித்தேன். போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

செயற்கை மார்பகத்தை மறந்துவிட்டுப் போகிறார் என்கிறீர்கள். மறதி கிழமை பார்த்து வருவதில்லை. வாரத்தில் ஆறு நாட்கள் விளக்கை அணைக்கும்வரை ஒரு பொருளை உடம்பைவிட்டு இறக்காதவர், ஏழாம் நாள் மட்டும் அதைத் தவறாமல் மறக்கிறார் என்றால், அதை மறதி என்று நம்புவதற்கு நீங்கள்தான் பெருமுயற்சி எடுத்திருக்க வேண்டும். அவர் அதை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போகிறார். தேவைப்படாத இடத்துக்குப் போவதால் வைத்துவிட்டுப் போகிறார்.

அப்படியானால் அது தேவைப்படும் இடம் எது? உங்கள் வீடு. அவர் பெற்ற மகளும் மகனும், அவரை மணந்தவரும் இருக்கும் வீடு. செயற்கை மார்பகம் அணிவதை நான் குறை சொல்லவில்லை. அது இருந்தால்தான் நிமிர்ந்து நடக்க முடிகிறது என்று விரும்பி அணியும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது அவர்களுடைய உரிமை. ஆனால் உங்கள் அம்மா அதை அந்நியர் நடுவே கழற்றிவிட்டு, உங்கள் நடுவே அணிந்துகொள்கிறார். நீங்கள் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். ஒரு நொடி பார்த்துவிட்டுச் சட்டென்று விலகும் பார்வைக்கு வாய் எதற்கு? அவர் உடை மாற்றும்போது தம்பி அவசரமாக வெளியேறிய விதமோ, அப்பா வேறு பக்கம் திரும்பிப் படுத்த ஓர் இரவோ போதும். (உங்கள் அப்பா இந்தக் கடிதத்தில் தடை சொல்வதற்கு மட்டும்தான் வருகிறார். அவருக்கு எழுத வேண்டிய பதில் தனி.)

அந்தக் குழுவில் யாரும் யாரையும் பார்த்துத் திடுக்கிடுவதில்லை. எல்லோருக்கும் தழும்பு உண்டு. அறுவைக்குப் பிறகு, வலிக்கும், வீங்கும் என்ற அச்சத்தில் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருக்கும் பெண்ணுக்குத் தோள் இறுகிப்போகிறது. பிசியோதெரபி அறையில் எண்ணி எண்ணித் தூக்கிய அதே கை, பக்கத்தில் ஆடும் தோழியின் கையைத் தொடர்ந்து போகும்போது, எவ்வளவு உயரம் வந்தோம் என்று பார்க்கக்கூடத் தோன்றாமல் மேலே போகிறது. நீங்கள் சொல்லும் நடைப்பயிற்சி நல்லதுதான். ஆனால் நடப்பவருக்குத் தோள் அசைய வேண்டிய கட்டாயமும் இல்லை, வட்டத்தில் தன் இடம் காலியாக இருக்கிறதே என்று தேடும் ஆட்களும் இல்லை.

வீக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயம் ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இருந்தது. 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைப் பயிற்றுவித்து, பலர் வரிசையாக அமர்ந்து துடுப்புப் போடும் நீண்ட டிராகன் படகை ஓட்டச் செய்தார். அஞ்சியபடி யாருக்கும் கை வீங்கவில்லை. ஏற்கெனவே நிணநீர் வீக்கம், அதாவது நிணநீர் வடியாமல் தேங்கிக் கை வீங்கும் நிலை, இருந்த 141 பெண்களை வைத்து நடத்திய ஆய்வொன்று 2009இல் வெளியானது. மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அதற்காக நடனம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். நடன சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வுக்குக் கிடைத்தவை மூன்றே ஆய்வுகள்; வாழ்க்கைத் தரம் மேம்படலாம் என்பதற்கு அவற்றில் சில அறிகுறிகள் இருந்தன, மனச்சோர்வோ களைப்போ குறைந்ததற்குச் சான்று இல்லை. உங்கள் அம்மாவும் ஆய்வைப் படித்துவிட்டுப் போகவில்லை.

அழுதுகொண்டே வந்தவர் மறுவாரமும் போனதைப் பிடிவாதம் போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கடமையாகப் படுகிறது. தன்னோடு கைகோத்து ஆடியவள் போய்விட்டாள். மிச்சமிருப்பவர்கள் நெருங்கி நின்று அந்த இடைவெளியை ஏற்க வேண்டிய நாளில் வராமல் இருப்பது துரோகம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தவிர, அடுத்தது நானா என்ற கேள்வியை அவர் வேறு எங்கே கேட்பார்? உங்களிடம் கேட்டால், அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்று வாயை அடைத்திருப்பீர்கள்.

பெற்றவளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரவர் வாழ்க்கை அவரவருக்கு என்று கைகழுவுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் கவனிப்பது வேறு, காவல் காப்பது வேறு. கவனிக்க விரும்பினால் வேலை இருக்கிறது. அவர் சாப்பிடும் மாத்திரை, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் அரோமட்டேஸ் தடுப்பான் வகையா என்று பாருங்கள்; அவ்வகை எலும்பைத் தேய்க்கும், எனவே எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கீமோவால் பாதம் மரத்திருந்தால் ஆடும்போது தடுமாறலாம். சில மருந்துகள் இதயத்தையும் பாதிக்கும். கையில் கனமோ சிவப்போ சூடோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இவற்றையெல்லாம் நடனப் பயிற்சியாளரிடமும் அம்மாவே சொல்லட்டும். நீங்கள் அந்த அறைக்குள் போய் உட்காராதீர்கள்.

வரும் சனிக்கிழமை அவர் திரும்பி வந்ததும் நேராகத் தன் அறைக்குப் போய் அதை அணிந்துகொள்ளப் பார்ப்பார். அதற்குமுன் அவரை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரைக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பாருங்கள்.