மூன்று மா, ஒரு ஏக்கர்: ஏபிஐ ஆவணம் பற்றிய கேள்வி பதில்

ஏபிஐ ஆவணம் என்றால் ஒரு லைப்ரரியின் ஃபங்ஷன்களை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் குறிப்பு. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளில் அதைப் படிப்பது, உருவாக்குவது பற்றி நம் டெல்டா பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை.

கும்பகோணம், மாணவி: அண்ணா, மழை பெய்தால் கரண்டும் போகிறது, டவரும் போகிறது. நெட் இல்லாமல் பைத்தான் லைப்ரரியின் ஆவணத்தைப் படிக்க முடியுமா?

லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் போதும். கோடுக்குள்ளேயே எழுதிய விளக்கமான டாக்ஸ்ட்ரிங், லைப்ரரியோடு சேர்ந்தே இறங்கியிருக்கும். அதைக் காட்டும் பைத்தானின் டூல் பைடாக். அதை 'மைனஸ் பி' (-b) போட்டு ஓட்டுங்கள், பிரவுசரிலேயே திறக்கும். இணையத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் கடைசி வெர்ஷனின் ஆவணம்; பைடாக்கோ உங்களிடம் இருக்கும் வெர்ஷனைத்தான் காட்டும். கரண்ட் இருக்கும்போதும் நான் இதைத்தான் திறக்கிறேன். ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு இதே வேலைக்கு கார்கோ டாக் இருக்கிறது.

திருவாரூர்: கோடில் எழுதிய குறிப்புகளிலிருந்து ஆவணம் உருவாக்க டாக்சிஜன் டூலை ஓட்டினேன். உள் ஃபோல்டர்களில் இருப்பது எதுவும் வரவில்லை.

டாக்சிஜனின் அமைப்புக் கோப்பான டாக்சிஃபைலில் 'ரிகர்சிவ்' என்ற வரி ஆரம்பத்தில் 'நோ' என்றுதான் இருக்கும். 'யெஸ்' ஆக்குங்கள். அப்புறம் யாராவது 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' என்ற வரிக்கும் 'யெஸ்' போடச் சொல்வார்கள். போட்டால் பக்கங்கள் நிறையும், ஆனால் குறிப்பு எழுதாத ஃபங்ஷன்கள் வெறும் பெயராக நிற்கும். குறிப்பு இல்லை என்று வரும் எச்சரிக்கையும் நின்றுவிடும். எனக்கு அந்த எச்சரிக்கைதான் வேண்டும்.

தஞ்சாவூர்: ஸ்ஃபிங்க்ஸ் என்ற டூலில் ஆவணம் உருவாக்கினால் என் ப்ரோக்ராம் டேட்டாபேஸைத் தேடுகிறதே, ஏன்?

டாக்ஸ்ட்ரிங்கை எடுத்துத் தரும் ஸ்ஃபிங்க்ஸின் ஆட்டோடாக் உங்கள் கோடைப் படிப்பதோடு நிற்பதில்லை, மாட்யூலை இம்போர்ட் செய்கிறது. ஃபங்ஷனுக்கு வெளியே எழுதியதெல்லாம் அப்போது ஓடும். இப்படித்தான் ஒருமுறை ஆவணம் உருவாக்கப் போய் ஒரு பட்டியலில் இருந்த எல்லோருக்கும் சோதனை மெயில் அனுப்பிவிட்டேன். அன்று முழுக்க மன்னிப்புக் கேட்பதே வேலை. டேட்டாபேஸ் இணைப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளுங்கள். லைப்ரரி இல்லை என்ற பிழை வந்தால் அது வேறு. அதற்கு, இல்லாத லைப்ரரிக்குப் பதில் போலி ஒன்றை வைக்கும் ஆட்டோடாக்கின் மாக் இம்போர்ட்ஸ் இருக்கிறது.

பட்டுக்கோட்டை: விதை நெல் கணக்குப் போடும் சின்ன லைப்ரரி வைத்திருக்கிறேன். எல்லா ஃபங்ஷனும் ஆவணத்தில் வந்துவிட்டது. ஆனாலும் கணக்குத் தப்பு என்று இஷ்யூ (புகார்) போடுகிறார்கள்.

பார்த்தேன் தம்பி. 'பரப்பு: ஃப்ளோட். நிலத்தின் பரப்பு' என்று இருக்கிறது. எந்தப் பரப்பு? மாவா, ஏக்கரா, ஹெக்டேரா? மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். உங்கள் ஃபங்ஷன் ஏக்கரில் எதிர்பார்க்கிறது. மா கணக்கில் 3 என்று கொடுத்தவருக்கு மூன்று மடங்கு விதை வந்து நிற்கும். அவர் போட்ட இஷ்யூவில் தப்பே இல்லை.

பெயரையும் டைப்பையும் டூல் எடுத்துக்கொள்ளும். அலகை நீங்கள் எழுதாவிட்டால் அது எங்கே போகும்? இப்படி எழுதுங்கள்: 'பரப்பு, ஏக்கரில். 0 அல்லது அதற்குக் கீழே கொடுத்தால் வேல்யூ எரர். திரும்ப வருவது விதையின் எடை, கிலோவில்.' கீழே ஒரு ஏக்கருக்கான எடுத்துக்காட்டும் விடையும் போடுங்கள். பைத்தானின் டாக்டெஸ்ட் அதை ஓட்டிப் பார்க்கும். நாளை சூத்திரத்தை மாற்றிவிட்டு ஆவணத்தை மறந்தால் காட்டிக்கொடுக்கும்.

மன்னார்குடி: உருவான எச்டிஎம்எல் பக்கங்களை, கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் சேர்க்கலாமா?

கோடோடு சேர்க்க வேண்டாம். ரிலீஸுக்கு ஒருமுறை உருவாக்கி, வெர்ஷன் வாரியாகத் தனியே வையுங்கள்.

மயிலாடுதுறை: ஆவணம் தமிழில் வருமா?

ஸ்ஃபிங்க்ஸின் அமைப்புக் கோப்பில் மொழிக்கு 'டிஏ' கொடுங்கள். அதுவே போடும் சொற்களில் மொழிபெயர்ப்பு இருப்பவை தமிழுக்கு மாறும். டாக்ஸ்ட்ரிங்கை நீங்கள்தான் தமிழில் எழுதவேண்டும்.