வெடிப்பில் இரும்பு எப்படி உடைகிறது? – கேள்வி பதில்

கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்கு வெடிப்பைத் தாங்கும் சுவர்கள் வடிவமைப்பது என் வேலை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

சிவில் மாணவி: தகட்டைத் தடிமனாகப் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. தகடு வளையும்போதுதான் வெடிப்பின் ஆற்றலை உள்வாங்குகிறது. வளைய மறுத்தால் சுமை முழுதும் ஓரங்களுக்கு, அதாவது வெல்டுக்கும் போல்ட்டுக்கும் போகும். 1973இல் மெங்கஸ், ஓபாட் என்ற இருவர், இரு முனையும் இறுக்கிப் பிடித்த அலுமினிய பீம்களை வெடிப்பின் உந்துவிசைக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். விசை குறைவாக இருந்தபோது பீம் வளைந்தபடியே நின்றது. கூட்டியபோது முனைகளில் இழுபட்டுக் கிழிந்தது. இன்னும் கூட்டியதும் முனையிலேயே கத்தரித்ததுபோல் துண்டானது. நடுப்பகுதி அவ்வளவாக வளையவே இல்லை. அதனால் சிதைவுகளுக்கு நடுவே நேராகக் கிடக்கும் தகட்டைப் பார்த்து "இங்கே அடி குறைவு" என்று எழுதிவிடாதீர்கள். அதன் ஓரத்தைப் பாருங்கள்.

வெல்டர்: அப்படியானால் வெல்டு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்?

தகடு வளைந்து முழுதாக நீளும்வரை வெல்டு பிடித்து நிற்க வேண்டும். உங்கள் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்றே சொல்வேன். அலுமினியத்தில் கூடுதல் கவனம் தேவை: 6061-டி6 என்ற அலுமினியக் கலவை ரகத்தில் வெல்டை ஒட்டிய பகுதி சூட்டால் பலத்தில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும்.

வேகமாக அடித்தால் இரும்பு பலம் கூடுமாமே?

உண்மைதான். சாதாரண மைல்டு ஸ்டீலில் திரிபு வேகம் (நொடிக்குத் தன் நீளத்தைப்போல் எத்தனை மடங்கு நீளும் என்ற கணக்கு) நொடிக்கு 40 என்ற அளவை எட்டும்போது ஈல்டு பலம், அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை, சுமார் இரண்டு மடங்காகும். உயர்பலம் கொண்ட எஃகில் இந்த லாபம் குறைவு.

பைப்பர் ஆல்ஃபாவில் சுவர்கள் ஏன் நிற்கவில்லை?

1988 ஜூலை 6 இரவு, வட கடலில் இருந்த அந்த மேடையில் 167 பேர் இறந்தார்கள். அங்கிருந்த சுவர்கள் தீயைத் தாங்கக் கட்டப்பட்டவை, வெடிப்பழுத்தத்தைத் தாங்க அல்ல. எண்ணெய்க்காகக் கட்டிய மேடையில் பிறகு எரிவாயு வேலையும் சேர்ந்தபோது சுவர்கள் மாறவில்லை. முதல் வெடிப்பிலேயே அவை உடைந்து, தகடுகள் பறந்தன. பக்கத்துப் பகுதியின் குழாய் உடைந்து அங்கும் தீ பற்றியது. சுவர் உடைந்ததைவிட, உடைந்த துண்டு எறிபொருளானதுதான் என்னை இன்றும் வதைக்கிறது. இப்போது நெளிவு வைத்த எஃகுச் சுவர்கள் போடுகிறோம். அவை நன்றாக நசுங்கட்டும், ஆனால் பிடிப்பை விட்டுப் பிய்ந்து வரக் கூடாது.

நசுங்கிய பொருளை வைத்து அழுத்தத்தைக் கணக்கிட முடியுமா?

முடியும். 2005 டிசம்பர் 11இல் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு வெடித்த பின், அங்கே நசுங்கிக் கிடந்த எஃகுப் பெட்டிகளை, சோதனையில் வேண்டுமென்றே நசுக்கிய பெட்டிகளோடு ஒப்பிட்டார்கள். வாயு மேகத்துக்குள் அழுத்தம் 2 பாரை, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தின் ஏறத்தாழ இரு மடங்கைத் தாண்டியிருக்கும் என்று தெரிந்தது. ஆனால் ஒன்று: குறைந்த அழுத்தம் நீண்ட நேரம் இருந்தாலும், அதிக அழுத்தம் நொடிப்பொழுது இருந்தாலும் ஒரே மாதிரி நசுக்கலாம். எனவே ஒரு பெட்டியை மட்டும் பார்த்து எண் சொல்லாதீர்கள். பக்கத்தில் நின்ற கார், டிரம், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.