ஏற்காட்டில் ரூம் போட்டால் ஓவியம் வருமா?

கேள்வி: எனக்கு ஓவியம்தான் உயிர். சேலத்து வெயில், சத்தம், ஆபீஸ் வேலை இதற்கு நடுவில் மனசே வரவில்லை என்று லீவு போட்டுவிட்டு ஏற்காட்டில் ரூம் எடுத்துத் தங்கினேன். பனி, ஏரி, காப்பித் தோட்டம் எல்லாம் அழகுதான். ஒரு கோடுகூட உருப்படியாக வரவில்லை. கலைஞர்களைப் படைக்கத் தூண்டுவதுதான் எது?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: மலை உங்களுக்கு எதற்காகக் கொடுக்க வேண்டும், அதை முதலில் சொல்லுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஓவியம் என்று அது பங்கு போட்டுக் கொடுத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்கிற கூட்டத்தில் பாதிப்பேர் இந்நேரம் கண்காட்சி வைத்திருப்பார்கள். சாமி வருகிற மாதிரி ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்று காத்திருக்கிறீர்கள். அந்தச் சாமிகூட இந்தப் பக்கம் பம்பை அடித்தால்தான் வரும்.

மலைக்குப் பதில் தாரமங்கலம் பஸ் ஏறியிருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதிலாவது கிடைத்திருக்கும். அங்கே கைலாசநாதர் கோயிலில் இன்று நாம் வாய் பிளந்து பார்க்கிற சிற்ப வேலை பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் செய்வித்தது. ஒரு தூணில் ராமன் வில்லோடு நிற்கிறான், வேறொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கட்டுகிறார்கள். ராமன் பக்கம் நின்று பார்த்தால் வாலி தெரிவான்; வாலி பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் ராமன் தெரியமாட்டான். யோசித்துப் பாருங்கள், அந்தச் சிற்பிக்கு வந்தது வாலி வதம் செதுக்குகிற வேலை, அவ்வளவுதான். கதை ஊருக்கே தெரிந்தது, கூலி பேசியாகிவிட்டது, கல்லும் வந்து இறங்கிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே சிக்கல்: மறைந்து நின்று அம்பு விட்டதைக் கல்லில் எப்படிக் காட்டுவது? ஒரு மரத்தைச் செதுக்கி அதன் பின்னால் ராமனை நிறுத்தினால் நமக்கும் ராமன் தெரியமாட்டான். இவர் மண்டபத்துத் தூண்களையே மரமாக்கிவிட்டார். ராமன் செய்தது நியாயமா என்று பட்டிமன்றம் போட்டு நாம் இன்னும் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறோம். இவர் ஒரு வார்த்தை பேசாமல் நம்மைக் கொண்டுபோய் வாலி இடத்தில் நிறுத்திவிடுகிறார். இந்த யோசனை பனிமூட்டத்தைப் பார்த்து வந்திருக்காது, தூணுக்கும் தூணுக்கும் நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது வந்திருக்கும்.

அதே கோயிலில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது. தள்ளினால் உருளும், வெளியே எடுக்க வராது. வெளியில் செய்து உள்ளே போட்டது இல்லை அது, வாய்க்குள்ளேயே அதே கல்லைக் குடைந்து விடுவித்தது. பக்தி பாதி, பக்கத்துத் தூண்காரனுக்குக் காட்டுகிறேன் பார் என்கிற வீம்பு பாதி என்பது என் சந்தேகம். வீம்பை மட்டமாக நினைக்காதீர்கள், நிறைய நல்ல வேலை அதில்தான் நடந்திருக்கிறது.

அப்படியானால் மலையே வேண்டாமா? வேண்டும். ஏற்காடு போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம், இப்போது அந்த முகப்புதான் மிச்சம். 1950இல் அங்கிருந்து வந்த 'மந்திரி குமாரி'க்குக் கருணாநிதி வசனம் எழுதினார். கதைக்கு மூலம் குண்டலகேசி. அந்தக் காப்பியமே முழுசாக நமக்குக் கிடைக்கவில்லை, கொஞ்சம் பாட்டுகள்தான், கதையை நீலகேசி என்கிற சமணக் காப்பியத்தின் உரை காப்பாற்றி வைத்திருக்கிறது. கொல்வதற்காக மனைவியை மலையுச்சிக்குக் கூட்டிப்போகிறான் ஒருவன், சாவதற்கு முன் உங்களை ஒருமுறை வலம் வந்துகொள்கிறேன் என்று சொல்லி அவனையே தள்ளிவிடுகிறாள் அவள். இந்தக் கதையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறவனுக்கு ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை வெறும் காட்சியாகவா தெரியும்? எங்கே விளிம்பு, எங்கே நின்றால் பின்னால் வானம் மட்டும் தெரியும், அவள் சுற்றி வர அங்கே இடம் போதுமா என்றுதான் கண் போகும். நீங்கள் வெறுங்கையோடு ஏறிவிட்டு மலையைக் குறை சொல்கிறீர்கள். இன்னொன்று, அந்த ஸ்டுடியோவில் எழுதியவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது, முடித்துக் கொடுக்க வேண்டிய தேதியும் இருந்தது.

துக்கம், காதல், கோபம் இதெல்லாம் தூண்டுதல் இல்லையா என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். இருக்கட்டும், யார் இல்லை என்றது. துக்கம் எல்லா வீட்டுக்கும்தான் வருகிறது, ஆனால் ஊருக்கு ஒரு கிழவிதான் கேட்கிறவர்கள் நெஞ்சு அடைக்கிற மாதிரி ஒப்பாரி வைக்கிறாள். அவளுக்கு மற்றவர்களைவிடத் துக்கம் அதிகம் என்றில்லை. எத்தனையோ சாவு வீடுகளில் உட்கார்ந்து மெட்டும் சொல்லும் அவளுக்கு நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. கூத்தில் கட்டியக்காரனைப் பாருங்கள், சாயங்காலம் டீக்கடையில் காதில் விழுந்த ஊர் வம்பை ராத்திரி மேடையில் எடுத்து விடுவார். அச்சாரம் வாங்கியாகிவிட்டது, மனசு வரவில்லை என்று அவர் திரைக்குப் பின்னால் உட்கார முடியாது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த இதழில் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் நடக்கிற சிறுகதை ஒன்று வருகிறது, அதற்குப் படம் வேண்டும். அரைப் பக்கம், கறுப்பு வெள்ளை. வெள்ளிக் கண்ணியைப் பற்றவைக்கிற கைகள் மட்டும் போதும், முகம் வேண்டாம். பட்டறைக்கு நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள், போட்டோவைப் பார்த்து வரைந்தால் எனக்குத் தெரிந்துவிடும். 20ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். சன்மானம் உண்டு, ஏற்காட்டு ரூம் வாடகைக்குக் காணாது.