கழியோரத்து மனையும் கார்த்திகை ஓதமும்

கேள்வி: முட்டுக்காடு பக்கம், ஈ.சி.ஆருக்கு மேற்கே ஒரு மனை பார்த்திருக்கிறோம். கடல் 600 மீட்டர் தள்ளி. பின்னால் கொஞ்ச தூரத்தில் கழி (உப்பங்கழி). கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித் தெருவில் கணுக்காலளவு தண்ணீர் ஏறும் என்கிறார் பக்கத்து வீட்டம்மா. "அது மழைத்தண்ணி, 500 மீட்டர் தாண்டிட்டதால சி.ஆர்.இசட். தொல்லையும் கிடையாது" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: வெயிலடித்த நாளிலும் ஏறியதா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அது கடல்.

சென்னைக் கரையில் சித்திரையைவிட ஐப்பசி, கார்த்திகையில் கடல் மட்டமே ஏறக்குறைய ஓரடி உயர்ந்து நிற்கும். அதன்மேல் அமாவாசை, பௌர்ணமி ஓதம், நிலா பூமிக்குக் கிட்டே வருகிற மாதமென்றால் இன்னும் கொஞ்சம். கோடையில் மணல் மூடிக் கிடக்கும் முகத்துவாரம் மழைக்காலத்தில் திறந்துகொள்ளும், கழி நிரம்பும், தண்ணீரை வெளியேற்ற வேண்டிய வடிகால் வழியாகவே தெருவுக்கு ஏறும். மனையைச் சித்திரையில் காட்டுவது சும்மா இல்லை. கிராவல் கொட்டி மேடாக்கியிருப்பார்கள், அதைப் பார்க்காதீர்கள். பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரின் அடியில் உப்பு பூத்துப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா, காலி மனையில் உப்பு மண்ணில் வளரும் உமரிச்செடி முளைத்திருக்கிறதா, அதைப் பாருங்கள்.

அடுத்து அந்த 500 மீட்டர். சி.ஆர்.இசட். என்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள கரைப்பகுதி. 500 மீட்டர் என்பது கடலுக்கு. ஓதம் ஏறியிறங்கும் கழிக்குத் தனிக் கணக்கு: 2011 அறிவிக்கையில் 100 மீட்டர், 2019இல் 50, கழியின் அகலம் அதைவிடக் குறைவென்றால் அந்த அகலம். 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள், வீடு கட்டப்போகிறவருக்கு அதுதான் நல்லது. அளப்பதும் இன்று தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து இல்லை, உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஓதத்தில் தண்ணீர் ஏறும் எல்லையிலிருந்து.

"நடுவில் ரோடு இருக்கிறது, கட்டலாம்" என்று புரோக்கர் அடுத்து ஆரம்பிப்பார். அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே உண்டு, அதனால்தான் ஏமாறுகிறார்கள். சி.ஆர்.இசட். 2, அதாவது ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நகரப் பகுதியில், பழைய சாலைக்கு நிலப்பக்கம் கட்டலாம். ஊராட்சிப் பகுதி பெரும்பாலும் 3. அங்கே இந்தச் சலுகை கிடையாது. நகரத்திலும், பழைய சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே புதிதாகப் போட்ட ரோடு செல்லாது. லேஅவுட்காரர் போனவருஷம் தார் ஊற்றியது எந்தக் கணக்கிலும் வராது.

பட்டா, வில்லங்கச் சான்று, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் எல்லாம் பக்காவாக இருக்கும், ஒன்றிலும் இந்தக் கோடு இருக்காது. சார்பதிவாளர் முத்திரைத்தாளைப் பார்ப்பார், பத்திரத்தைப் பதிந்து தருவார், ஓதத்தைக் கேட்க மாட்டார். ஒரு துறை வரைந்த வரைபடத்தை இன்னொரு துறை திறந்தே பார்க்காத நாட்டில் வேறென்ன எதிர்பார்ப்பது? கொச்சி மரடில் காயல் கரை அடுக்குமாடிகளுக்கும் உள்ளாட்சி அனுமதி இருந்தது. சி.ஆர்.இசட். விதியை மீறியதால் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள், குடியிருந்தவர்கள் முன்பே வெளியேற வேண்டியதாயிற்று.

ஆகவே, சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் தேடுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால், அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே உயர் ஓதக் கோட்டைக் குறித்துத் தர முடியும். புரோக்கர் கூட்டிவரும் 'லைசென்ஸ்டு சர்வேயர்' தரும் தாளுக்குக் காசு கொடுக்காதீர்கள். செலவை விற்பவர் தலையில் போடுங்கள், மறுத்தால் பேச்சை நிறுத்திவிடலாம்.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால், கார்த்திகைப் பௌர்ணமிக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில், ஓதம் ஏறும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு, புரோக்கருக்குச் சொல்லாமல் போய் நின்று பாருங்கள்.