உங்கள் பெயரில் போட்டியாளர் கடை விரித்தால்

கேள்வி: பல வருடமாக ஒரே பெயரில் சிறிய அளவில் தொழில் செய்கிறேன். பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யவில்லை. என் பெயருக்கு நடுவே ஒரு கோடு போட்டு, டாட் காம் டொமைன் வாங்கி, அதைத் தன் தளத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார் போட்டியாளர். கூகுளில் என் பெயரைத் தேடினாலும் முதலில் வருவது அவர் விளம்பரம்தான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அவருக்குப் போன் போட்டுச் சத்தம் போடாதீர்கள். நீங்கள் சத்தம் போட்ட கையோடு அந்தத் திருப்பிவிடலை அவர் எடுத்துவிடுவார், அப்புறம் அப்படி ஒன்று இருந்ததாகவே உங்களால் காட்ட முடியாது. முழு முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முகவரியை டைப் செய்ததிலிருந்து அவர் தளத்தில் போய் நிற்பது வரை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள், அந்தப் பக்கங்களை வேபேக் மெஷினிலும் (இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு சேமித்து வைக்கும் தளம்) சேமித்து வையுங்கள், ஏனென்றால் அதில் விழும் தேதியை நீங்கள் திருத்தினீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. "உங்கள் தளம் என்று நினைத்து அங்கே ஆர்டர் போட்டுவிட்டேன்" என்று எந்த வாடிக்கையாளராவது எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், உங்கள் கையில் அதைவிடப் பெரிய சாட்சி இருக்காது.

அடுத்து டொமைன் பதிவு விவரம். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்த பிறகு உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்தே இருக்கும். ஆனால் எந்த நிறுவனம் வழியாக, எந்தத் தேதியில் பதிவானது என்பது தெரியும். அந்தத் தேதியைப் பாருங்கள். நீங்கள் தொழில் தொடங்குவதற்கு முன்பே அவர் வாங்கி வைத்த டொமைன் என்றால், உங்களைக் குறிவைத்து வாங்கினார் என்று நிரூபிப்பது அநேகமாக நடக்காது.

உங்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது அந்த விளம்பரமாகத்தான் இருக்கும். ஆனால் சட்டப்படி பார்த்தால் உங்கள் கை தாழ்ந்திருப்பதும் அங்கேதான். அடுத்தவர் பெயரைத் தேடல் சொல்லாக வைத்து விளம்பரம் கொடுப்பதை கூகுள் தடுப்பதில்லை. கைப்பைகளுக்குப் பெயர்போன லூயி விட்டான் நிறுவனம் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: அந்தச் சொல்லை விற்றதற்காக கூகுள் டிரேட்மார்க்கை மீறியதாக ஆகாது, ஆனால் விளம்பரம் யாருடையது என்று சாதாரண ஆள் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தால் விளம்பரம் கொடுத்தவர் மாட்டுவார். அதனால் விளம்பரத்தின் வாசகத்தைப் படியுங்கள். அவர் தன் பெயரைத் தெளிவாகப் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், வேண்டுமானால் உங்கள் பெயருக்கு நீங்களே ஒரு சின்ன விளம்பரம் போடலாம். வாசகத்துக்குள் உங்கள் பெயர் இருந்தால் கதை வேறு, கூகுளில் டிரேட்மார்க் புகார் கொடுக்கலாம், ஆனால் அதற்குப் பதிவு இருந்தால்தான் எடுபடும்.

டொமைன் விஷயத்தில் நிலைமை உங்கள் பக்கம். டாட் காம், டாட் நெட் போன்றவற்றுக்கு யு.டி.ஆர்.பி. என்ற தகராறு தீர்க்கும் முறையை, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐகான் 1999-ல் கொண்டுவந்தது, கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. மூன்று விஷயத்தைக் காட்ட வேண்டும்: உங்களுக்கு உரிமையுள்ள பெயரோடு அந்த டொமைன் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது, அவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை எதுவும் இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து அப்படியே பயன்படுத்துகிறார். நடுவில் போட்ட கோடு அவரைக் காப்பாற்றாது. போட்டியாளரின் தொழிலைக் கெடுக்கவென்று வாங்குவதும், குழப்பி ஆட்களைத் தன் தளத்துக்கு இழுப்பதும் கெட்ட எண்ணத்துக்கு உதாரணமாக அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது.

டிரேட்மார்க் பதிவு இல்லாவிட்டாலும் இந்த வழி அடைபடாது, ஆனால் கூடுதல் உழைப்பு வேண்டும். பழைய பில்கள், விளம்பரங்கள், செய்திகள், வாடிக்கையாளர் விமர்சனங்கள் எல்லாவற்றையும் அடுக்கி, இந்தப் பெயரைக் கேட்டால் மக்களுக்கு நீங்கள்தான் நினைவுக்கு வருகிறீர்கள் என்று காட்ட வேண்டும். பெயரே நீங்கள் விற்கும் பொருளின் பொதுப்பெயராக இருந்தால் ரொம்பக் கஷ்டம், நம்பிக்கை கொடுத்து உங்கள் பணத்தைக் கரைக்க நான் விரும்பவில்லை. இந்த யு.டி.ஆர்.பி. புகாரை உலக அறிவுசார் சொத்து அமைப்பில் கொடுத்து, ஒரே நடுவர் விசாரித்தால், ஐந்து டொமைன் வரை 1,500 டாலர் கட்டணம், வக்கீல் செலவு தனி. ஜெயித்தால் டொமைன் உங்கள் கைக்கு வரும் அல்லது ரத்தாகும், அவ்வளவுதான். நஷ்டஈடு வேண்டுமென்றால் கோர்ட்தான்.

அதனால் பலரும் முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பார்ப்பார்கள், நிறைய பேர் அதிலேயே இறங்கி வந்துவிடுவதும் உண்டு. "இவ்வளவு கொடுத்தால் தருகிறேன்" என்று பதில் வந்தால் பேரம் பேசாமல் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய செலவுக்கு மேல் கேட்டு உங்களிடமே விற்பதற்காகத்தான் பதிவு செய்தார் என்றால், அதுவும் கெட்ட எண்ணம்தான். பதிலடி என்று அவர் பெயரில் நீங்கள் ஒரு டொமைன் வாங்கிவிடாதீர்கள், உங்கள் புகாரின் பலமே போய்விடும்.

ஒரே ஒரு வேலையை மட்டும் நோட்டீஸுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். டிரேட்மார்க் விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். பல நாடுகளில் முதலில் பயன்படுத்தியவரைவிட முதலில் விண்ணப்பித்தவர் கைதான் ஓங்கும், உங்கள் பெயர் பதிவாகாமல் கிடக்கிறது என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள் நோட்டீஸே போதும்.