வாசகர் கேள்வி: முக்காலே வீசம் எவ்வளவு?

கே: பழைய பெட்டியில் 1940-களின் பேரேடு ஒன்று கிடைத்தது. 'ரூ. 12 முக்காலே வீசம்' என்றும், மாகாணி, காணி என்றும் எழுதியிருக்கிறது. இதைத் தசமத்தில் எப்படி மாற்றுவது? - வாசகர், காரைக்குடி

ப: சில பெயர்களை மனப்பாடம் செய்தால் போதும். கால் 0.25, அரைக்கால் 0.125, மாகாணி 0.0625 (16-இல் 1, வீசமும் இதுவே), மா 0.05 (20-இல் 1), காணி 0.0125 (80-இல் 1), முந்திரி 0.003125 (320-இல் 1). 'முக்காலே' என்பதில் வரும் 'ஏ'யைக் கூட்டல் குறியாகப் படியுங்கள். முக்காலே வீசம் என்றால் 0.75 + 0.0625 = 0.8125. உங்கள் தொகை 12.8125 ரூபாய். 1957 ஏப்ரல் 1-க்கு முன்பு ரூபாய்க்கு 16 அணா என்பதால், அன்றைக்கு அது 12 ரூபாய் 13 அணா. முழுசுக்கு ஒரு வீசம் குறைவதைத்தான் 'முக்காலே மூணு வீசம்' என்கிறோம்: 0.9375.

பலர் குழம்புவது மாவிலும் மாகாணியிலும். மாவோடு காணியைக் கூட்டினால் மாகாணி: 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. இன்னொன்று, ஒவ்வொரு வரியையும் 12.81 என்று சுருக்கிக்கொண்டே போகாதீர்கள். இப்படி நூறு வரி எழுதினால் கால் ரூபாய் காணாமல் போகும். சுருக்குவது கடைசிக் கூட்டலில் மட்டும்.

கே: தொகுதி, பகுதி எது எது? - மாணவி, கானாடுகாத்தான்

ப: மேலே இருப்பது தொகுதி, கீழே பகுதி. 3/8-இல் எட்டாகப் பிரித்ததைச் சொல்வது பகுதி, எடுத்த மூன்றைச் சொல்வது தொகுதி. தொகுதி சிறியதானால் தகு பின்னம். 11/8 தகா பின்னம். அதையே 1 3/8 என்று எழுதினால் கலப்புப் பின்னம்.

கே: ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் 0.3-ஐ விட 0.25 பெரியது என்கிறான். - வாசகி, தேவகோட்டை

ப: புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 'இருபத்தைந்து' என்று படிப்பதால் வரும் வினை. 'பூஜ்ஜியம் புள்ளி இரண்டு ஐந்து' என்று படிக்கச் சொல்லுங்கள். பிறகு இடங்களைச் சமமாக்கி 0.30, 0.25 என ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதட்டும். நகைக்கடை ரசீதையும் காட்டுங்கள்: 2.5 கிராமுக்கும் 2.05 கிராமுக்கும் 450 மில்லிகிராம் வித்தியாசம். விலையைப் போட்டுப் பார்த்தால் தானே விளங்கிவிடும்.

கே: பங்கு வீட்டை மூன்று பேருக்குப் பிரிக்கிறோம். ஆளுக்கு 0.33 என்று எழுதலாமா? - வாசகர், பள்ளத்தூர்

ப: கூடாது. மூன்று 0.33 சேர்ந்தால் 0.99தான். 2400 சதுர அடி என்றால் ஆளுக்கு 792 போக 24 சதுர அடி யாருக்கும் சேராமல் நிற்கும். ஒன்றை மூன்றால் வகுப்பது தசமத்தில் முடிவதே இல்லை. மேலே சொன்ன கால், மா, காணி வரிசையிலும் மூன்றில் ஒன்றுக்கு இடமில்லை. அதன் பகுதிகள் எல்லாம் 2, 5 ஆகியவற்றின் பெருக்கங்கள். பத்திரத்தில் 'மூன்றில் ஒரு பங்கு (1/3)' என்றே எழுதி, பக்கத்தில் 800 சதுர அடி என்று அளவையும் போடுங்கள்.