படுத்தே உருப்பட்டவர்

கேள்வி: அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் ‘பிரடர்னிட்டி’ (மாணவர் சங்கம்) என்று கிரேக்க எழுத்தில் போர்டு மாட்டிக்கொண்டு கூத்தடிக்கிறார்களே, இந்தப் பையன்கள் எல்லாம் உருப்படுவார்களா?

பதில்: உருப்பட்ட ஒருவரைச் சொல்கிறேன்: ஆலிவர் ஸ்மூட். 1958 அக்டோபரில் எம்.ஐ.டி. என்கிற அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் லாம்டா கை ஆல்ஃபா சங்கத்தில் சேர வந்த பையன்களில் இவர்தான் குள்ளம், 5 அடி 7 அங்குலம். (எங்கள் ஆபீசில் அது பனைமரம்.) இவரை சார்லஸ் ஆற்றின் மேலுள்ள ஹார்வர்டு பாலத்தில் படுக்கப் போட்டு, தலைமாட்டில் கோடு கிழித்து, எழுப்பி, கோட்டில் காலை வைத்து மறுபடி படுக்கச் சொல்லி, பாலம் முழுக்க அளந்தார்கள். பாதியில் மனிதர் ஓய்ந்துபோக, அப்புறம் தூக்கித் தூக்கித்தான் போட்டார்கள். விடை: 364.4 ஸ்மூட், ஒரு காது கூடக் குறைய.

எம்.ஐ.டி. 1916இல் பாஸ்டனிலிருந்து சார்லஸ் ஆற்றைத் தாண்டி எதிர்க்கரை கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டது. சங்க வீடுகள் பல பழைய கரையிலேயே இருந்தன. பனிக்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பவனுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டாமா? நடுப்பாலத்தில் ‘நரகத்துக்குப் பாதி தூரம்’ என்று எழுதி, அம்புக்குறியைக் கல்லூரிப் பக்கம் போட்டிருக்கிறார்கள். கோடுகளுக்கு மறுபடி மறுபடி பெயின்ட் அடிப்பது சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வேலை. விபத்து நடந்த இடத்தைக் குறிக்க போலீஸே இந்தக் கணக்கைப் பயன்படுத்தியதால், 1980களில் பாலத்தைப் புதுப்பித்தபோதும் கோடுகள் தப்பித்தன. நடைபாதை கான்கிரீட்டைக்கூட ஸ்மூட் நீளத்துக்கே பிரித்துப் போட்டார்கள்.

முன்பு நான் முழக்கணக்கில் எழுதியதற்கு ‘ஆசிரியருக்கு மீட்டர் தெரியாதா’ என்று கார்டு போட்ட வாசகர் கவனிக்க! பூக்காரம்மாவின் முழமாவது ஆளுக்கு ஆள் மாறும். ஸ்மூட் ஒரே ஆள், அதனால் பேரமில்லை. அவரும் சும்மா இல்லை, அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனத்துக்குத் தலைவராகி, அப்புறம் 2003-04இல் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வுக்கே தலைவரானார். ‘ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்ற கம்பெனி’ என்று விளம்பரத்தில் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் பயமும் நியாயம்தான். அதே எம்.ஐ.டி.யில் 1997இல் வேறொரு சங்கத்தில் சேர்ந்த 18 வயதுப் பையன் அங்கே அளவுமீறிக் குடித்தே செத்துப்போனான். வந்த சில நாட்களிலேயே பிள்ளைகள் சங்க வீட்டுக்குக் குடிபோவது அதுவரை அங்கே சர்வசாதாரணம். முதலாண்டு மாணவர்கள் கல்லூரி விடுதியில்தான் தங்க வேண்டும் என்ற விதி 2002இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது!